சூலக்காரி டாலர்

“கையை விரிடி, திருடி!”

கமலாட்சி விரித்தாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளி டாலர்.

ரங்கூன் லத்தா தெருவில் காசு மாற்றிக் கொடுக்கும் உதுமானுக்குச் சங்கடமாகிவிட்டது. “இதை ரூபாயா மாத்திக் குடுங்க பாய்” என்று அவள் அப்போதுதான் படியேறியிருந்தாள். பின்னாலேயே, அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்காரர் பொன்னுத்துரை மேஸ்திரி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“நேத்து என் பெட்டியிலேர்ந்து காணாமப் போனது இதுதான் பாய். நடடி போலீஸ் டாணாவுக்கு!”

“என் புருஷன் பினாங்குக் கப்பல்லேர்ந்து கொண்டாந்தது. நான் ஏன் டாணாவுக்கு வரணும்?”

“கப்பல்ல கரி அள்ளுறவனுக்கு டாலர் கேக்குதோ? காசுல சூலம் பிடிச்ச பொம்பளை உருவம், அவ காலடியில சீனன் குத்துன சாப்பா முத்திரை. என் காசு எனக்குத் தெரியாதா?”

“ரங்கூனுக்கு வர்ற டாலர்ல பாதி இப்படித்தான் இருக்கு, மேஸ்திரி” என்று உதுமான் கல்லாவை இழுத்துக் காட்டினார். முப்பது சூலக்காரிகள். முப்பதிலும் சாப்பா.

“ஆயிரத்துல கலந்தாலும் என் காசை எடுத்துருவேன்!”

“எடுங்களேன். எடுத்துட்டா நானே டாணாவுக்கு நடக்குறேன். இல்லேன்னா, திருடின்னு சொன்ன அதே வாயால இல்லேன்னு சொல்லணும். இத்தனை பேர் முன்னால!”

தெருவில் மோஹிங்கா சேமியா விற்பவள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

கமலாட்சி டாலரோடு கையைக் கல்லாவுக்குள் விட்டுக் கலகலவென்று கலக்கினாள். பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

மேஸ்திரி ஒவ்வொன்றாகப் புரட்டினார், நகத்தால் சுரண்டினார். உதுமான் கமலாட்சியைத் திரும்பிப் பார்த்தார். எதையாவது எடுத்து இதுதான் என்று அவர் சாதித்தால் யார் மறுப்பது? இது ஏன் இந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை?

“இந்தா, இதேதான்! ஆத்தா மேல சத்தியம். கிளம்புடி!”

“நல்லாப் பாத்துட்டீங்களா? உங்க வீட்டுல காணாமப் போனது இதுதானே?”

“இதேதான்னு சொல்றேன்ல!”

கமலாட்சி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். அவள் டாலர் உள்ளங்கையிலேயே இருந்தது.

“அப்போ திருடுனது பாய்தானா, மேஸ்திரி?”