விரிக்காத பாய்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும் கதை. பாய் விரிக்காத ஒரு கூடத்தின் கதை.

வனத்துறை ரேஞ்சரம்மா வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஊர்க்கூடத்துக்குள் வந்தபோது, பாய் விரித்திருக்கவில்லை.

நடுவில் வெறும் தரை. சுற்றிலும் காட்டு ஜனங்கள், சுவரோடு சாய்ந்து, அவரவர் வேலையில். ஒருத்தி கூடை முடைந்துகொண்டிருந்தாள். ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

எப்போது வந்தாலும் அவளுக்கென்று நடுக்கூடத்தில் பாய் கிடக்கும். பக்கத்தில் குவளையில் தண்ணீர் இருக்கும். அந்தப் பாயில் உட்கார்ந்துதான் இத்தனை காலமும் பேசினாள். மேலே பள்ளத்தாக்கில் யானைகள் கன்று ஈனும் சதுப்பு இருக்கிறது, அங்கே எவனோ மானுக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு கன்றின் காலை அறுக்கிறது, வாருங்கள், சேர்ந்து காவல் காப்போம் என்று தொண்டை வற்றப் பேசினாள்.

கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். "பார்க்கலாம்" என்றார்கள்.

கல்லில் நார் உரித்த கதைதான்.

ஆனாலும் அந்தப் பாய் ஒரு ஆறுதல். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வாள்.

மேலிடம் இனிப் பொறுக்காது. இன்று 'சரி' என்ற ஒரு சொல்லை வாங்கிப் போகாவிட்டால் நாளைக்குப் பள்ளத்தாக்கைச் சுற்றி வேலி. கம்பங்கள் லாரியில் ஏறிவிட்டன. வேலி வந்தால் சுருக்கு வைக்கிறவன் எப்படியும் அடியில் புகுந்து போய்விடுவான். இந்த ஜனங்கள்தான் போக முடியாது. அவர்களுடைய கிழங்கும் தேனும் அந்தப் பக்கம். புதைத்த பெரியவர்களும் அந்தப் பக்கம்.

பாய் ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள்.

போன தடவை அவள் செய்த காரியம் அப்படி. காட்டுத்தீயோடு மல்லுக்கட்டிவிட்டு நேரே வந்தவள், தான் பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவிலேயே கண்ணசந்துவிட்டாள். சாய்ந்ததுகூடத் தெரியாது. விழித்தபோது கூடம் காலி. மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். வாயோரம் எச்சில். வெட்கம் பிடுங்கித் தின்ன, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறி ஓடிவிட்டாள்.

டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "பாயே இல்லையாம்மா? கிளம்புங்க. வாசல்லயே பதில் சொல்லிட்டாங்க."

கால் கடுத்தது. இந்த வேலையில் முதலில் முழங்கால் தேய்ந்தது, பிறகு முதுகு, பிறகு மனசு. மிச்சமிருந்த கொஞ்சமும் இப்போது அந்த வெறுந்தரையில் சிந்திப்போன மாதிரி இருந்தது. அழுவதற்கும் அலுப்பு.

திரும்பிப் போய்ப் பூட்ஸில் காலை விட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

'டி' போட்டு அந்த ஊரில் யாரும் அவளை அழைத்ததில்லை. குரல் ஊர்த்தலைவியுடையது. இடிக்காரி என்று பட்டப்பெயர். ரகசியம் பேசினாலே கூரை அதிரும். ரேஞ்சரம்மாவின் வயதுதான் இருக்கும் அவளுக்கும்.

"காலு வலிச்சா பாயை எடுத்துப் போட்டு உக்காரு. வீட்டு ஆளுக்கு எவளாவது பாய் விரிச்சு வைப்பாளா?"

ரேஞ்சரம்மா ஒரு காலில் பூட்ஸோடு நின்றாள்.

"துப்பாக்கிக்காரனை வாசல்ல காவல் வெச்சிட்டு உள்ள வந்து உக்காந்த அதிகாரிங்களைத்தான் நாங்க பாத்திருக்கோம். எங்க நடுவுல குறட்டை விட்டவ நீ ஒருத்திதான்."

கூடைக்காரி அந்தக் குறட்டையை விட்டே காட்டினாள். கூடம் குலுங்கியது. பல் குத்துகிறவருக்குப் புரையேறிவிட்டது.

அவர்கள் வழக்கம் அதுதான், கண்ணுகளா. விருந்தாளிக்குப் பாயும் தண்ணீரும் உண்டு. ஆனால் விருந்தாளியிடம் வீட்டு விவகாரம் பேசமாட்டார்கள். சரி என்றும் சொல்லமாட்டார்கள், முடியாது என்றும் சொல்லமாட்டார்கள். வீட்டுக் குப்பையை விருந்தாளியின் கண்ணில் காட்டமாட்டார்கள். ஒரு கூரைக்கடியில் பயமில்லாமல் தூங்கி எழுந்தவள்தான் அந்தக் கூரைக்குச் சொந்தக்காரி.

அவள் பூட்ஸை உதறிவிட்டு உள்ளே வந்தாள். வந்த பிறகு திருதிருவென்று விழித்தாள். இத்தனை காலம் அந்தப் பாயில் உட்கார்ந்தவளுக்கு, அதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

இடிக்காரி மோவாயால் பின்னறையைக் காட்டினாள்.

பின்னறை மங்கலாக இருந்தது. சுவரோரம் சாய்த்திருந்த பாய்ச்சுருளை இழுத்தாள். அதற்குப் பின்னாலிருந்து ஏதோ கலகலவென்று சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

கம்பிச் சுருக்குகள்.

இடுப்பளவு குவியல். ஒவ்வொன்றிலும் சதுப்பின் கருஞ்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே கிடந்தவை இன்னும் பளபளத்தன. கீழே போகப்போகத் துரு. அடியில் கிடந்தவை தொட்டதும் உதிர்ந்தன. அவள் முதல்முதலாக இந்த ஊருக்கு வந்து, காவல் காப்போம் வாருங்கள் என்று கேட்டதற்கும் வெகுகாலம் முந்தியவை அவை.

பாயை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அங்கேயும் தூங்கிட்டியா?" கூடத்திலிருந்து இடி இடித்தது. "வரும்போது எனக்கும் ஒரு குவளை தண்ணி மொண்டுட்டு வா. இத்தனை நாள் நாங்க மட்டும் புடுங்கினோம், இனி எந்தக் கரைக்கு யாரு காவல்னு பேசணும்."

நல்லா இருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த வண்ணம் இருக்கட்டும். பாய் எங்கே என்று கேட்காமல் எடுத்துப் போட்டுப் படுத்துக்கொள்கிறவர்கள், அவர்களைவிட அதிகமாக இருக்கட்டும்.