பின்னால் மலை வேண்டாம்

"இதுல சிரிப்புப் பத்தாது, புள்ள. அடுத்ததக் காட்டு."

இராஜகுமாரி கதிரையைக் கம்ப்யூட்டருக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஹபீலாவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இந்தப் படக்கடையைத் திறந்த நாளிலிருந்து எத்தனை தாய்மாரைப் பார்த்துவிட்டாள்! மகனுக்குப் பெண் தேடுகிற தாய்க்கு மட்டும் எந்தப் படமும் லேசில் பிடித்துவிடாது.

"பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது ஈக்கே அன்டி. நான்தானே எடுத்தன். முகம் நல்ல தெளிவு."

"அதுல பயந்துபோய் நிக்கிறான். வேணாம்."

நிரோஷன் தென்னமெரிக்காவுக்குப் போனது போன வருஷம். அங்கிருந்து அம்மாவின் போனுக்கு அவன் அனுப்பிய படங்களெல்லாம் ஹபீலாவின் கையால்தான் அச்சாகி வெளியே போயின. கொழும்புக்கு அப்பால் எந்த ஊரும் அறியாத ஹபீலா, அந்தப் பையனின் தோளுக்குப் பின்னால் நின்றபடியே பாதி உலகத்தைப் பார்த்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

பிரேசிலில் ஒரு கடற்கரை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு அலையில் நிற்கிறான். பொலிவியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்பு. பெருவில், ஆட்டு உடம்பில் ஒட்டகக் கழுத்தை ஒட்டவைத்தது போல ஒரு பிராணி, அதன் கழுத்தில் இவன் கை. ஊருக்கு ஊர் பஸ், அது இல்லாவிட்டால் லொறி, ஆறு வந்தால் படகு. ஓர் ஊரில் நாள் கணக்கில் இருப்பான், இன்னோர் ஊரில் மாதக் கணக்கில்.

"உங்கட மகனுக்கு அவசரமே இல்ல அன்டி. வெள்ளக்காரன் மாதிரி நின்னு நின்னு ரசிச்சிப் போறார்" என்று ஹபீலா பகிடி பண்ணுவாள்.

"ஆமா. அங்க அப்பிடித்தான் போகணும்னு ஏஜென்சிக்காரன் சொன்னானாம்" என்று சொல்லி, அச்சான படத்தை முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டு போவாள் இராஜகுமாரி.

இன்றைக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரும்பப் பார்த்தாயிற்று. கடைசிப் படம் கொலம்பியாவில், கடலோரத்தில், ஒரு சின்னப் படகு. எல்லை தாண்ட இனிக் கொஞ்சத் தூரம் காட்டு வழியாக நடக்க வேண்டும் என்று அதோடு எழுதியிருந்தான்.

"அதுக்குப் பொறகு ஒண்டும் வரல்லயா அன்டி?"

"வரல."

"காட்டுக்குள்ள சிக்னல் எங்க ஈக்கப்போகுது. வந்த உடனே கொண்டு வாங்க. எனக்குத்தான் பாக்க ஆச."

"அந்தப் பெரு நாட்டுப் படத்தப் போடு. மலை மேல ஊரு இருக்குமே" என்றாள் இராஜகுமாரி.

வந்தது. அடுக்கடுக்காக வீடுகள், மேலே மூடுபனி, முன்னால் வாய் நிறையச் சிரிப்போடு நிரோஷன்.

"இதுதான். பாத்தா நம்ம நாவலப்பிட்டி மாதிரியே இருக்கும்மான்னு போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். கூடப் போன பொடியன் அந்த நேரம் பாத்து எடுத்திருக்கான்."

"தெத்துப்பல்லுத் தெரியுதே. மறைச்சித் தரவா?"

"பல்லுல கை வைக்காத! அது இல்லாட்டி அவன் இல்ல." பிறகு சொன்னாள்: "பின்னுக்கு இருக்கிற மலைய மட்டும் எடுத்துரு."

"அல்லாஹ்! மலைதானே அழகு. பொண்ணு வீட்டாக்கள் பாத்தா அப்பிடியே மயங்கிப் போவாங்க."

"வேணாம். அவன் மட்டும் இருந்தாப் போதும்."

வாசல்படியில் அவள் கணவன் காளிமுத்து நின்றிருந்தார். வந்ததிலிருந்து உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை. ஹபீலா எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அங்கிள்! மருமக வந்தா மொதல் விருந்து எனக்குத்தான். இப்பவே சொல்லிப்போட்டன்!"

அவர் திரும்பிப் பார்த்தார். படியிறங்கிப் பாலத்துப் பக்கம் நடந்தார்.

"அங்கிளுக்கு வெக்கமாக்கும்."

"அவருக்கு மேலுக்கு முடியல" என்றாள் இராஜகுமாரி.

தெருமுனைக் கோயில் ஸ்பீக்கரில் ஆடி மாதத்து அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "அமாவாசைக்கு முந்திக் குடுத்துரு புள்ள. பெருசா, பிரேம் போட்டு." அவர்களுக்கு அது நல்ல நாளாக்கும் என்று ஹபீலா நினைத்துக்கொண்டு, மலையை அழிக்கத் தொடங்கினாள்.

மவுஸ் போன இடமெல்லாம் ஊர் கரைந்தது. மூடுபனி போயிற்று, வீடுகள் போயின, அவன் சாய்ந்திருந்த கல்மதிலும் போயிற்று. வெறும் நீலத்தில் சிரிப்பு மட்டும் மிஞ்சியது.

"கீழ பேர் போடவா அன்டி?"

"போடு. காளிமுத்து நிரோஷன்." பிறகு, "பொறந்த தேதியும் போடு" என்று சொல்லிக் கொடுத்தாள்.

சாதகக்காரருக்கு வசதிதானே என்று எண்ணியபடியே ஹபீலா தட்டி முடித்தாள். "சரி. அவ்வளவுதானே?"

"பக்கத்துல கொஞ்சம் எடம் விடு."

"எடமா? அது என்னத்துக்கு?"

இராஜகுமாரி கையை நீட்டி, திரையிலிருந்த மகனின் கன்னத்தை ஒரு விரலால் தடவினாள்.

"அந்தக் காட்டுக்குள்ள எந்த நாள்ல செத்தான்னு ஏஜென்சிக்காரனுக்கே தெரியலையாம், புள்ள."