சின்னப் பை முதலில்

"பெரிய மூட்டை கடைசி! ஓரமா வையி தங்கச்சி," என்றார் மாவு மில் குருசாமி.

முதல் ஆளாய் வந்து நின்ற கமர்ஜஹான் மறுபேச்சில்லாமல் மூட்டையை ஓரமாக இறக்கினாள்.

திண்டுக்கல்லில் மற்ற மில்லெல்லாம் வந்த வரிசைப்படி அரைக்கும். குருசாமியிடம் அது செல்லாது. இருப்பதில் எது சின்னப் பையோ அதுதான் முதலில். அது முடிந்ததும், மிச்சமிருப்பதில் சின்னது.

கமர்ஜஹானுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மில்லுக்கு எதிரே திருச்சி பஸ் வந்து நிற்கும். பினாங்கு போன அவள் புருஷன் சனாவுல்லா வந்தால் அதில்தான் வரவேண்டும். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வந்ததென்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஒண்டிப் பொம்பளை பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? மாவு மில்லில் காத்திருந்தால் யார் கேட்பது? அதற்காகவே அக்கம்பக்கத்து வீட்டுக் கேப்பையையெல்லாம் கேட்டு வாங்கி மூட்டையைப் பெரிதாக்குவாள். எத்தனை கப்பல் ஏமாற்றினாலும் பாழும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது.

அன்றைக்கென்று ராயப்பராஜ் வாத்தியார் சின்னப் பையோடு வந்து சேர்ந்தார்.

"ஏம்ப்பா, அந்தம்மா எல்லாருக்கும் முந்தி வந்துருக்கு. ஆளு பாத்து ஒதுக்குறியா?"

"அப்படியில்லய்யா. சின்னப் பைன்னா செத்த நேரத்துல முடிஞ்சு ஆளுக போயிருவாக. பெரிய மூட்டைய முதல்ல போட்டா அம்புட்டுப் பேரும்ல நிக்கணும்?"

"சின்னப் பையா வந்துக்கிட்டே இருந்தா, அந்தம்மா பொழுதன்னைக்கும் நிக்கணுமோ?"

"அதானே!" என்றது கூட்டம்.

"எனக்கு அவசரமில்லைங்க," என்று பதறினாள் கமர்ஜஹான்.

"நீ பயப்படாதம்மா. கேக்க நான் இருக்கேன்!" வாத்தியாரே மூட்டையைத் தூக்கி மிஷினில் கொட்டினார்.

மடமடவென்று அரைத்து முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. இனி நிற்க அவளுக்கு ஒரு சாக்கும் இல்லை. கண் ரோட்டை விட்டு வரமாட்டேன் என்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, நியாயம்னா இதான். வெரசா வீடு போய்ச் சேரும்மா," என்றார் வாத்தியார், பெருமை தாங்காமல்.

கமர்ஜஹான் மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். குருசாமி அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, ரோட்டைப் பார்த்த வாசலோரம் சாக்கை விரித்து மாவைக் கொட்டிப் பரப்பினார்.

"சூட்டோட கட்டுனா மாவு கெட்டுரும் தங்கச்சி," என்றவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நேத்து கப்பல் வந்துருச்சாம்ல. திருச்சி பஸ்ஸுல எல்லாரும் இறங்கி முடிக்கட்டும். அப்புறம் அள்ளிக்கிரலாம்."