பெரட்டில் ஒருவர்

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக நிற்கும்போது, ஆள் எண்ணும் செயலியைச் சுரேன் ஒரேயடியாக மாற்றுவதில்லை. தினமும் ஒரு சின்ன மாற்றம். அதுவும் ஒரே வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும். கோளாறு வந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். நாளை தோட்டம் முழுவதற்கும் விட வேண்டும்.

இன்று திரை பதினொரு பேர் என்றது.

"பத்து பேருதான் தம்பி. நானே எண்ணிட்டேன்லா," என்றார் போனில், அந்த வரிசையை மேற்பார்க்கும் மண்டோர் நிர்மலாதேவி.

நேற்றைய பதிப்புக்குத் திரும்பினான். பதினொன்று. போன வாரத்துக்குப் போனான். பதினொன்று. இன்னும் பின்னால் போனான். கடைசியில், ஒரு பெயரும் சேர்க்காத முதல் நாள் பதிப்பைத் திறந்தான்.

வந்தவர்: ஒருவர்.

"நெருங்கி நிக்கச் சொன்னா கேக்க மாட்றாங்க தம்பி," என்றார் நிர்மலாதேவி. "நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விட்டே நிக்கிறாங்க."