சொறியாத நாய்

அன்று காலை நாய் சொறிந்துகொள்ளவில்லை. அம்பாரோவுக்கு அது நல்லதாகப் படவில்லை.

அடுப்பில் சோள ரொட்டி தீய்ந்துபோகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவாவா இனம். பூனை உயரம்கூட இருக்காது, காது மட்டும் கழுதைக்கு ஆகும். புல்கா என்று பெயர். இரண்டு வருடமாக அது ஒரு நிமிடம் சும்மா இருந்ததில்லை. பாதத்தைக் கடிக்கும், அடிவயிற்றைப் பிறாண்டும், சுவரில் முதுகைத் தேய்க்கும். இன்றைக்கோ முற்றத்து வெயிலில் காலை நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டது.

தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். வயிற்றில் சிவப்பு வெளுத்திருந்தது. முன்னங்காலுக்கு அடியில் புதிதாக முடி முளைத்திருந்தது. முகர்ந்தால் ஓட்ஸ் வாசனை.

யாரோ இதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

"நாய் சொறிஞ்சாலும் உனக்கு ஆகலை, சொறியலைன்னாலும் ஆகலை. அது பாவம் என்னதான்டி பண்ணும்?" என்றான் கணவன் கிறிசாந்தோ, தீய்ந்த ரொட்டியைச் சுரண்டிக்கொண்டே.

அவனுக்கென்ன, சொல்லிவிடுவான். மகள் நயெலிக்கு மூச்சிரைத்த காலத்தில், வேன் ஓட்டிய களைப்பில் குறட்டை விட்டவன் அவன். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தேய்த்துக் கொடுத்தவள் இவள்.

சந்தையில் மூலிகை விற்கிறவள்தான் வழி சொன்னாள். சிவாவா ஒன்றைப் பிள்ளையின் நெஞ்சோடு படுக்கவை, இரைப்பு நாய்க்கு இறங்கிவிடும். பியூப்லா ஊரில் இது தெரியாதவர்கள் யார்? நாய் வந்த ஆறாம் மாதம் நயெலிக்கு இரைப்பு நின்றது. ஏழாம் மாதம் நாய் சொறிய ஆரம்பித்தது. இரைப்புதான் அரிப்பாக நாய்க்கு இறங்கிவிட்டது என்று அம்பாரோ குவாதலூப்பே மாதாவுக்கு முழங்காலில் நின்று நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு மகள் ஆளே மாறிவிட்டாள். மற்றப் பிள்ளைகளைப் போல ஓடமாட்டாள், கத்தமாட்டாள். நாயோடு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். பதினொரு வயதில் இத்தனை பொறுப்பா என்று அம்பாரோவுக்குப் பெருமை தாங்காது.

கால்நடை டாக்டர் இதை ஒவ்வாமை என்றார். தூசியாக இருக்கலாம், சாப்பாடாக இருக்கலாம் என்றார். குளிப்பாட்ட ஒரு மருந்தும் உள்ளுக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்பாரோ அந்தச் சீட்டை அடுப்பில் போட்டாள். நாயை விட்டுக் கிளம்புகிற நோய் எங்கே போகும்? வந்த இடத்துக்குத்தானே போகும்!

நாயின்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அதன் பாதத்தில் ரத்தம் கசிவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் நாயா பிள்ளையா என்று வந்துவிட்டால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சந்தேகம் நேராக மாடிக்குப் போனது. அங்கேதான் நாத்தனார் பெர்த்தா குடியிருந்தாள். வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா என்று மூக்கைச் சிந்துகிறவள் அவள் ஒருத்திதான். போன வாரம் படிக்கட்டில் நயெலியிடம் எதையோ கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்பாரோவைக் கண்டதும் இரண்டு பேரும் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஓட்ஸ் டப்பா வேறு மாதம் முடியுமுன்பே காலியாகிறது.

திரும்பிப் பார்த்தால் முற்றத்தில் நாய் இல்லை. படிக்கட்டில் அதன் நகச் சத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அம்பாரோ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பெர்த்தாவின் கதவு திறந்திருந்தது. பூசைக்குப் போகத் தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பும் கையுமாக வந்து படியை மறித்தாள்.

"அண்ணி, மேல போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அம்பாரோ மொட்டைமாடிக்குப் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நயெலி மண்டியிட்டிருந்தாள். பழைய காலுறையில் ஓட்ஸைக் கட்டி, வாளித் தண்ணீரில் நனைத்து, நாயின் வயிற்றில் பிழிந்துகொண்டிருந்தாள். நாய் கண்ணை மூடிச் சொக்கிப்போய் நின்றது.

நாத்தனாரைத் திட்டத்தான் அம்பாரோ ஏறி வந்திருந்தாள். பெற்ற மகளே இப்படிச் செய்வாள் என்று யார் நினைத்தார்கள்?

"அடிப் பாவி! உனக்காகத்தான்டி அது சொறியுது. குணமாச்சுன்னா அந்த இரைப்பு உனக்கே திரும்பி வரும்டி!" வாளியை எட்டி உதைத்தாள். வெள்ளைத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

நயெலி நாயை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

பிறகு பாவாடைப் பையில் கைவிட்டு ஒரு நீல இன்ஹேலரை எடுத்தாள். பார்க்காமலே குலுக்கினாள். வாயில் வைத்து ஒரு முறை அழுத்தி, மூச்சைப் பிடித்து, விட்டு, இன்னொரு முறை அழுத்தினாள். எத்தனை நாள் பழக்கமோ, நாயைப் பிடித்திருந்த கை அசையவே இல்லை.

"அது எப்பம்மா போச்சு, திரும்பி வர்றதுக்கு?"

அம்பாரோ ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நயெலி ஓரடி பின்னால் நகர்ந்து நாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"புல்காவால பிரயோஜனமில்லைன்னு யாருக்கும் குடுத்துராதேம்மா."