கம்பத்தடி வயல்

ஜெகதாம்பாளுக்கு நாள் தவறாத பழக்கம் ஒன்று உண்டு. விடிந்ததும் தெருக்கோடியிலுள்ள தம் நெல்வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்குள்ள விளக்குக் கம்பத்தடியில் கிடக்கும் கருங்கல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, தம் மதிற்சுவரின்மேல் வரிசையாக அடுக்குவார். வருவோர் போவோர்க்கெல்லாம் அவற்றைக் காட்டி, "எல்லாம் காலேஜ் பசங்க வெளக்குல அடிச்ச கல்லு" என்பார்.

ஜெயங்கொண்டத்தை அடுத்த அந்தக் குடியிருப்பில், மாணவர்களுக்கு எதிரான போராட்டத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தாம். வாடகை அறைகளில் தங்கியிருந்த மாணவர்கள் விடியும்வரை பாட்டு வைத்தனர். வாய்க்கால் பாலத்தில் அமர்ந்து குடித்துவிட்டுப் புட்டிகளை வயலில் எறிந்தனர். நடவுக்கு வந்த பெண்ணொருத்தியின் பாதத்தில் கண்ணாடி ஏறிய அன்று, ஜெகதாம்பாள் தெருவாரைத் திரட்டிக்கொண்டுபோய் ஊராட்சி அலுவலக வாயிலில் அமர்ந்துவிட்டார்.

அதன் பயனாக, பாலத்தருகே வயலோரத்தில் உயர்ந்த கம்பமும் வெள்ளை விளக்கும் வந்தன. வெளிச்சத்தில் குடிக்க இயலாத மாணவர்கள் இடம் மாறினர். போகும்போது அவருக்கு 'வார்டன்' என்று பெயரும் சூட்டிச் சென்றனர்.

அவ்வாண்டு கம்பத்தை ஒட்டிய பகுதியில் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நின்றதேயன்றிக் கதிர் வாங்கவே இல்லை. உரக்கடைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார் ஜெகதாம்பாள்.

இவ்வாண்டுச் சம்பா வளர்ந்துவந்த வேளையில் விளக்கு உடைந்தது. புதிது மாட்டினர்; அதுவும் உடைந்தது. மூன்றாவதாக ஒன்றை மாட்டினர். தெரு கொதித்துப்போயிருந்தது.

ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் மீண்டும் கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது. குடியிருப்போர் ஓடிச் சென்றபோது, கம்பத்தடியில் பிரேம் என்னும் இறுதியாண்டு மாணவன் கைப்பேசியுடன் நின்றிருந்தான். அங்கே முன்பே நின்றிருந்த ஜெகதாம்பாள், "இவந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோகுலகிருஷ்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான்கள் தெறித்தன.

மறுநாள் காலை அனைவரும் கல்லூரி முதல்வரின் அறையில் கூடினர். எறையூரிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த பிரேமின் தந்தை பூமாலை, நாற்காலியில் அமராமல் சுவரோரமாக நின்றார்.

"அங்கதான் சார் டவர் கெடைக்கும். போன் பேசத்தான் போனேன்" என்றான் பிரேம்.

"கல்லு தானா பறந்து போயி வெளக்குல பட்டுச்சாக்கும்" என்றார் கோகுலகிருஷ்ணன்.

நேரில் கண்டவர் ஒருவர் தம் முன்னிலையில் உறுதி கூறினால், அன்றைக்கே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதாக முதல்வர் கூறினார். எல்லாரும் ஜெகதாம்பாளைப் பார்த்தனர்.

பூமாலை கைகூப்பினார். "வேலைக்கு எடுத்துட்டாங்கம்மா. பரீட்சை எழுதிட்டான்னா போய்ச் சேர்ந்துடுவான். இப்ப வெளிய அனுப்பிட்டா எல்லாம் போயிடும்."

"பெத்தவனுக்குப் புத்தி இருந்தாத்தான புள்ளைக்கு வரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஜெகதாம்பாள்.

முதல்வர் பொறுமையாகப் பேசினார். "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எங்க பையன்தான்னு ஆயிட்டா நஷ்டமும் எங்களோடதுதான். நாளைக்கே இன்னும் பெரிய விளக்கு, உடைக்க முடியாம கம்பி வலை, கம்பத்துல கேமரா, எல்லாமே காலேஜ் செலவுல போட்டுடறோம்."

கோகுலகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது.

"இவன் இல்லேன்னா?" என்று கேட்டார் ஜெகதாம்பாள்.

"அப்ப ஊராட்சிதான் போடணும். அதுக்குத் தை பொறந்துடும்."

ஜெகதாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "இவன் இல்ல சார்."

"என்னக்கா, நேத்து ரெண்டு கண்ணால பாத்தேன்னீங்க?" என்று பதறினார் கோகுலகிருஷ்ணன்.

"நேத்து சரியாத் தெரியல. இப்பத் தெரியுது."

பூமாலை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஜெகதாம்பாள் கால்களை வெடுக்கென்று விலக்கிக்கொண்டார். "எந்திரிய்யா. ஒன் புள்ளைக்காக நான் ஒண்ணும் சொல்லல."

அவருடைய இரக்கத்தை மெச்சுவதா, ஏமாற்றத்தை எண்ணி நோவதா என்றறியாமல் தெருவார் கலைந்தனர்.

கணவர் வைரக்கண்ணு வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்னரே எட்டியிருந்தது. கையில் அகப்பட்டவனை ஏன் விட்டாள், நாளைக்கே வரவிருந்த விளக்கை ஏன் கெடுத்தாள் என்று சினந்து கேட்டார்.

ஜெகதாம்பாள் கம்பத்தடியில் குந்தி அமர்ந்து ஒரு பயிரின் தோகையை விலக்கிப் பார்த்தார். உள்ளே இளங்கதிர் வெளியே தலைகாட்டக் காத்திருந்தது.

"போன வருசம் விடிய விடிய வெளிச்சம் அடிச்சுத்தான் இந்த எடமெல்லாம் கதிர் வாங்காம புல்லாப் போச்சு. வெளக்கு வேணும்னு மறியல் பண்ணுன நானே, இப்ப வேணாம்னு எந்த மொகத்த வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?" என்றார் தாழ்ந்த குரலில்.

வைரக்கண்ணுவின் கையிலிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது. ஜெகதாம்பாள் காலடியில் கிடந்த கருங்கல் ஒன்றை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

"கதிர் முத்தட்டும். அதுக்குள்ள மாட்டுனாங்கன்னா, மறுபடியும் ஒடைப்பேன்."