பீலித் தண்ணி

கழிவுநீர்க் குழாய்க்குள் கமரா எடுத்த வீடியோவைச் சிவரூபி திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். தியாகலிங்கத்தின் வீட்டுக் கூரையில் பெய்த மழைநீர், கூரை ஓரத்துப் பீலி வழியாகத் தெளிவாக அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்களைச் சோதிக்கும் கம்பனியின் சார்பில் மூன்றாவது தடவையாக அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஐயா, உங்கடை கூரைப் பீலியைக் கழிவுக் குழாயிலை இருந்து கழற்றச் சொன்னனான் எல்லோ. மழைத்தண்ணி போய்க் குழாய் நிரம்பினால், பள்ளத்திலை இருக்கிற சனத்தின்ரை வீடுகளுக்கை ஊத்தை திரும்பி வரும்.”

“கழற்றி எங்கை விடுறது, பிள்ளை? ஊரிலை, வேலணையிலை எங்கடை வீட்டுப் பீலித் தண்ணி தொட்டியிலை விழும். குடிக்கிற தண்ணியெண்டு ஒரு சொட்டும் சிந்தவிடமாட்டம். கனடாவிலை அது ஆருக்கு வேணும்?”

“ஒரு பீப்பா வைச்சுப் பிடியுங்கோவன்.”

“இந்த வயசிலை எனக்கு ஏலாது.” சட்டென்று அவர் குரல் மாறியது. “அது என்ன சத்தம், மழையோ? இஞ்சை நல்ல வெயில். நீர் எந்தப் பக்கம் இருக்கிறீர்?”

சிவரூபி தயங்கினாள். எங்கிருந்து பேசுகிறாள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது கம்பனி விதி.

“நான் வேலணையிலை இருந்துதான் கதைக்கிறன், ஐயா.”



“உங்கடை வீட்டிலையும் தொட்டி இருக்கோ?”

“ஓம். இப்ப நிரம்புது.”

“போனை ஒருக்கால் அதுக்குக் கிட்டப் பிடியும்.”

அவள் முற்றத்தில் இறங்கி, நனைந்தபடியே பிடித்தாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

“பீலியை இண்டைக்கே கழற்றுவிக்கிறன், பிள்ளை. இப்ப வைச்சிடாதையும். இன்னும் கொஞ்ச நேரம் பிடியும்.”